இரண்டு சீட் ஸ்போர்ட்ஸ் கார்: தேதியைப் படித்துவிட்டு விலையைப் பேசுங்கள்

வாசகர் கேள்வி – பதில்

இந்த முறை வந்த கேள்விகள் எல்லாமே புதிய இரண்டு சீட் ஸ்போர்ட்ஸ் காரை நியாயமான விலைக்கு வாங்குவது பற்றியவை. ஒன்றுபோல் இருந்தவற்றைச் சேர்த்துவிட்டோம்.

கேள்வி: புதிதாக ஒரு இரண்டு சீட் கார் வாங்க வேண்டும் என்பது வெகுநாள் ஆசை. மூன்று ஷோரூம்களில் விசாரித்தேன். ‘இந்த மாதிரி காருக்கெல்லாம் தள்ளுபடி கிடையாது’ என்று ஒரே மாதிரி சொல்கிறார்கள். உண்மைதானா?

பதில்: பாதி உண்மை. புது மாடல் வந்த முதல் சில மாதங்களில் தள்ளுபடி கேட்டுப் பயனில்லை. எண்ணி விற்கும் சிறப்புப் பதிப்புகளுக்கும் அப்படித்தான். சில இடங்களில் பட்டியல் விலைக்கு மேலேயே கேட்பார்கள். அந்தக் கூடுதல் பணத்தைத் தயவுசெய்து கொடுக்காதீர்கள். வரிசை குறைந்ததும் முதலில் கரைவது அந்தப் பணம்தான். காரை விற்கும்போது அதில் ஒரு காசு திரும்பி வராது. ஆறு மாதம் பொறுத்தால் அதே காருக்குப் பெரும்பாலும் யாரும் கூடுதலாகக் கேட்க மாட்டார்கள்.

மற்ற நாட்களில் நிலைமை வேறு. இரண்டு சீட் கார் டீலருக்கு மெதுவாக நகரும் சரக்கு. குடும்பக் காருக்குத் தினமும் ஆள் வரும். இதற்கு வருகிறவர்களில் பலர் உட்கார்ந்து பார்த்துவிட்டுப் போய்விடுவார்கள். ஷோரூமில் நிற்கும் கார்களைப் பெரும்பாலான டீலர்கள் கடன் வாங்கித்தான் நிறுத்தியிருக்கிறார்கள். கார் நிற்கிற ஒவ்வொரு நாளும் வட்டி ஏறுகிறது. அதனால் ‘தள்ளுபடி உண்டா?’ என்று பொதுவாகக் கேட்டால் ‘இல்லை’ என்றுதான் பதில் வரும். ‘அந்த மூலையில் நிற்கிற பச்சை நிறக் கார் எத்தனை நாளாக இங்கே இருக்கிறது?’ என்று கேட்டுப் பாருங்கள், பேச்சு மாறும்.

கண்ணில் வைக்க வேண்டிய நேரங்கள் மூன்று. டீலரின் விற்பனைக் கணக்கு முடியும் மாதக் கடைசியும் காலாண்டுக் கடைசியும் ஒன்று. அடுத்த ஆண்டு மாடல் அறிவிக்கப்பட்டு, இந்த ஆண்டுக் கார் இன்னும் தரையில் நிற்கிற சில வாரங்கள் இன்னொன்று. கூரை திறக்கும் கார் என்றால் குளிரோ மழையோ நீடிக்கும் மாதங்கள் மூன்றாவது. வெயில் வந்த முதல் வாரத்தில் ரோட்ஸ்டர் வாங்கப் போனால் பேரம் பேச இடமே இருக்காது. இந்த மூன்றில் இரண்டு ஒன்றாக அமைந்தால் தாமதிக்காமல் போய்ப் பேசுங்கள்.

கேள்வி: 14 மாதமாக ஷோரூமில் நிற்கும் ஒரு கார், பட்டியல் விலையில் 12 சதவிகிதம் குறைத்துத் தருகிறார்கள். ஓடியது 30 கி.மீ.தான். ‘புத்தம் புதுசு’ என்கிறார்கள். எடுக்கலாமா?

பதில்: எடுக்கலாம், ஆனால் முதலில் தேதிகளைப் படியுங்கள். புதுக் காருக்கு ஒரு தேதி அல்ல, பல தேதிகள் உண்டு. விலை நியாயமா என்பதை அவைதான் சொல்லும்.

முதலில் தயாரிப்புத் தேதி. பல கார்களில் ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால், தூணில் ஒட்டிய ஸ்டிக்கரில் மாதமும் வருடமும் இருக்கும். அங்கே இல்லையென்றால் சீட் பெல்ட்டை அடிவரை இழுத்து, கீழே தைத்திருக்கும் துணிச் சீட்டைப் பாருங்கள். பெல்ட் தயாரான தேதி அதில் இருக்கும்; கார் அதற்குச் சற்றுப் பின்னால் தயாராகியிருக்கும். ஒவ்வொரு காருக்கும் உரிய தனி அடையாள எண்ணான வின் எண்ணின் 17 இடங்களில் பத்தாவது, வட அமெரிக்க முறையில் மாடல் வருடத்தைக் குறிக்கும்: ‘ஆர்’ என்றால் 2024, ‘எஸ்’ என்றால் 2025. ஐரோப்பியச் சந்தைக் கார்கள் எல்லாவற்றிலும் இது பொருந்தாது. எனவே இதை மட்டும் நம்ப வேண்டாம்.

அடுத்து டயர். பக்கச் சுவரில் டி.ஓ.டி. என்று தொடங்கும் வரிசையின் கடைசி நான்கு எண்கள் வாரமும் வருடமும். 2324 என்றால் 2024-இன் 23-ஆவது வாரம். நான்கு டயரிலும் ஏறக்குறைய ஒரே தேதி இருக்க வேண்டும். ஒன்று மட்டும் தனியாகப் புதிதாக இருந்தால் ஏன் மாற்றினார்கள் என்று கேளுங்கள். நகராமல் நின்ற காரின் டயரில், தரையில் பட்ட இடம் தட்டையாகிவிடும். ஓட்டும்போது ஸ்டியரிங்கில் ‘தட தட’ என்று சீரான அதிர்வு தெரியும். லேசான தட்டை, டயர் சூடேறிச் சில கிலோமீட்டர் ஓடியதும் சரியாகும். 30 கி.மீ. ஓடிய பிறகும் அதிர்ந்தால் அது நிரந்தரம். டயர் மாற்றித் தரச் சொல்லுங்கள்.

பேட்டரிதான் நின்ற காரில் முதலில் கெடும் பொருள். அலாரமும் சாவி உணரியும் ஓசையில்லாமல் மின்சாரத்தைக் குடித்துக்கொண்டே இருக்கும். காரைச் சில மணி நேரம் ஸ்டார்ட் செய்யாமல் வைத்துவிட்டு மல்டிமீட்டரில் பாருங்கள். 12.6 வோல்ட்டுக்கு மேல் இருந்தால் நல்லது. 12.4 என்றால் முக்கால் பங்கு சார்ஜ். 12.0-க்குக் கீழே பலமுறை இறங்கிய பேட்டரியின் தகடுகளில் சல்ஃபேட் படிந்து இறுகியிருக்கும். சார்ஜ் செய்தால் ஸ்டார்ட் ஆகும், ஆனால் முதல் குளிரில் கைவிடும். ‘சார்ஜ் போட்டுவிட்டோம்’ என்ற பதிலை ஏற்காமல் புது பேட்டரியை விலைப் பேச்சிலேயே சேர்த்துவிடுங்கள்.

பிரேக் டிஸ்கில் மேலோட்டமான துரு எல்லாக் காரிலும் இருக்கும். நாலைந்து முறை பிரேக் பிடித்தால் போய்விடும். பேடு ஒரே இடத்தில் ஒட்டிக் கிடந்த அச்சு வட்டில் ஆழமாகப் பதிந்திருந்தால்தான் கவலை. பிரேக் மிதி காலில் துடிக்கும். பிரேக் ஆயில் ஈரத்தை இழுக்கும். ஓடினாலும் ஓடாவிட்டாலும் பெரும்பாலான கையேடுகள் 2 வருடத்தில் மாற்றச் சொல்கின்றன. 14 மாதம் நின்ற காரில் உங்களுக்கு மிஞ்சுவது 10 மாதம்.

கடைசியாக, எல்லாவற்றையும்விட முக்கியமானது: வாரன்ட்டி தொடங்கிய தேதி. சில டீலர்கள் மாத இலக்கை எட்டுவதற்காகக் காரைத் தங்கள் பெயரிலேயே பதிவு செய்து நிறுத்திவிடுவார்கள். அப்படியானால் அன்றே வாரன்ட்டி ஓட ஆரம்பித்துவிட்டது. காகிதத்தில் நீங்கள் இரண்டாவது உரிமையாளர். அப்போது 12 சதவிகிதம் போதாது. வின் எண்ணைக் கொடுத்து, வாரன்ட்டி தொடங்கிய தேதியைத் தயாரிப்பு நிறுவனத்தின் வாடிக்கையாளர் சேவையிடமே கேளுங்கள். பதிவாகாத கார், புது பேட்டரி, தட்டையில்லாத டயர், மாற்றிய பிரேக் ஆயில் என்றால் 12 சதவிகிதம் நல்ல பேரம்தான்.

கேள்வி: நேரில் போனால் பேசிப் பேசிக் குழப்பிவிடுகிறார்கள். விலையை எப்படிக் கேட்பது?

பதில்: எழுத்தில் கேளுங்கள். டெஸ்ட் டிரைவ் முடிந்து எந்தப் பதிப்பு வேண்டும் என்று தீர்மானித்த பிறகு, எட்டும் தூரத்தில் உள்ள நாலைந்து டீலர்களுக்கு ஒரே கடிதத்தை அனுப்புங்கள். இவ்வளவு போதும்:

‘உங்களிடம் உள்ள இந்த வின் எண் கொண்ட, மேனுவல் கியர், சிவப்பு நிறக் காரை வாங்க விரும்புகிறேன். வரி, பதிவு, டெலிவரிக் கட்டணம், நீங்கள் ஏற்கெனவே பொருத்திய பொருட்கள் எல்லாம் சேர்த்து, சாவி வாங்கும் அன்று நான் தர வேண்டிய மொத்தத் தொகை எவ்வளவு? ஒவ்வொன்றையும் தனி வரியில் எழுதி அனுப்புங்கள். கடன் பற்றியும் பழைய கார் பற்றியும் இப்போது பேசவில்லை. வெள்ளிக்கிழமை முடிவு செய்கிறேன்.’

இதில் ஒவ்வொரு சொல்லுக்கும் வேலை இருக்கிறது. வின் எண் சொன்னால், குறைந்த விலையைக் காட்டி வரவழைத்துவிட்டு ‘அந்தக் கார் விற்றுப்போச்சு’ என்று வேறொன்றைத் தள்ள முடியாது. மொத்தத் தொகை கேட்டால், காரின் விலையில் குறைத்ததை ‘கையாளும் கட்டணம்’ என்ற பெயரில் ஏற்ற முடியாது. பழைய காரை இப்போதே பேச்சில் இழுத்தால், புதிய காரில் 3 சதவிகிதம் குறைத்துவிட்டுப் பழையதில் அதைவிட அதிகமாகப் பிடித்துக்கொள்வார்கள். கூட்டிக் கழித்துப் பார்க்கவே முடியாது. பழைய காருக்கு வெளியே இரண்டு இடத்தில் விலை வாங்கி வைத்துக்கொண்டு, புதிய காரின் விலை உறுதியான பிறகு அதைப் பேசுங்கள்.

பதில் வந்ததும் வரி வரியாகப் படியுங்கள். டயரில் நைட்ரஜன், கண்ணாடியில் எண் பொறிப்பு, துணிப் பாதுகாப்பு, பெயின்ட் பூச்சு என்று வருபவை டீலரின் லாபத்துக்கானவை. அடிக்கும் காற்றிலேயே 78 சதவிகிதம் நைட்ரஜன்தான். ‘ஏற்கெனவே பொருத்திவிட்டோம், எடுக்க முடியாது’ என்பார்கள். எடுக்க வேண்டாம், அந்த வரியின் தொகையைப் பூஜ்யமாக்குங்கள் என்று பதில் எழுதுங்கள்.

கேள்வி: 7 வருடக் கடனில் மாதத் தவணை 3 வருடக் கடனில் பாதிதான் வருகிறது. இன்னும் உயர்ந்த மாடலையே எடுத்துவிடலாம் போலிருக்கிறதே?

பதில்: வேண்டாம். கணக்கைப் பாருங்கள். 1,000 கடன், ஆண்டுக்கு 8 சதவிகிதம், மீதி நிற்கும் கடனுக்கு மட்டும் வட்டி. 36 மாதம் என்றால் தவணை 31.34, மொத்த வட்டி சுமார் 128. 84 மாதம் என்றால் தவணை 15.59, மொத்த வட்டி சுமார் 309.

வட்டியைவிடப் பெரிய ஆபத்து நடுவில் இருக்கிறது. அந்த 84 மாதக் கடனில் 3 வருடம் ஒழுங்காகக் கட்டிய பிறகும் 638 பாக்கி நிற்கும். இரண்டு சீட் காரைப் பலர் இரண்டு, மூன்று வருடத்தில் விற்க நேர்கிறது. குழந்தை பிறக்கும், வேலை மாறும், முதுகு வலிக்கும். அன்று சந்தை விலை பாக்கிக்குக் கீழே இருந்தால், காரைக் கொடுத்துவிட்டுக் கையிலிருந்தும் பணம் கட்ட வேண்டும். விபத்தில் கார் முழுக்கப் போனாலும் அதே கதைதான், ஏனென்றால் காப்பீடு அன்றைய மதிப்பைத்தான் தரும். வாங்கிய விலையையே தரும் கூடுதல் காப்பீடு கிடைத்தால் முதல் சில வருடத்துக்கு எடுப்பது நல்லது. 48 மாதத்துக்குள் தவணை தாங்காத கார், உங்களுக்கு விலை அதிகமான கார்.

இன்னொன்று: காப்பீட்டுத் தொகையை முன்பணம் கட்டுவதற்கு முன்பே, பதிப்பின் பெயரைச் சரியாகச் சொல்லிக் கேட்டுவிடுங்கள். ஒரே காரின் இரண்டு எஞ்சின்களுக்கிடையே பிரீமியம் நன்றாகவே மாறும்.

கேள்வி: ஆப்ஷன் பட்டியல் தலையைச் சுற்றுகிறது. எதற்குப் பணம் கொடுக்கலாம்?

பதில்: பிறகு பொருத்த முடியாததற்கும், ஓட்டும்போது கைகாலில் தெரிவதற்கும் கொடுங்கள். லிமிடெட் ஸ்லிப் டிஃபரென்ஷியல் அதில் முதலிடம். பின் சக்கரம் தள்ளும் இலகுவான காரில், வளைவிலிருந்து வெளியே வரும்போது உள்பக்கச் சக்கரம் பாரமிழந்து வீணாகச் சுற்றாமல் காப்பது இதுதான். அடிப்படைப் பதிப்பில் பல சந்தைகளில் இது இருக்காது. அடுத்த பதிப்பில் இருக்கும். விலை வித்தியாசத்தைப் பார்க்கும்போது இதையும் சேர்த்துப் பாருங்கள். நல்ல சீட், சூடாகும் சீட் (கூரையைத் திறந்து ஓட்டும் நாட்களை இதுவே கூட்டும்), பெரிய பிரேக் ஆகியவையும் கொடுக்கத் தகுந்தவை.

பெரிய ரிம்முக்கு வேண்டாம். மஸ்டா எம்எக்ஸ்-5-இல் 195/50 ஆர்16, 205/45 ஆர்17 என்று இரண்டு டயர் அளவு உண்டு; கடைசி எண் ரிம்மின் அங்குலம். 16-இல் டயர் விலை குறைவு, பக்கச் சுவர் உயரம் அதிகம், குழியில் ரிம் வளையும் வாய்ப்பும் குறைவு. முன்னும் பின்னும் ஒரே அளவு என்பதால் டயர்களை இடம் மாற்றித் தேய்மானத்தைச் சமன் செய்யலாம். போர்ஷே 718-இலோ டொயோட்டா ஜிஆர் சுப்ராவிலோ பின் டயர் அகலம். சுப்ராவில் முன்னால் 255 மி.மீ., பின்னால் 275 மி.மீ. முன்னும் பின்னும் மாற்ற முடியாது, பின் ஜோடி சீக்கிரம் தேயும். டயர் செலவை ஆண்டுச் செலவில் எழுதி வையுங்கள்.

வண்ணத் தையல், கார்பன் ஒட்டுகள் எல்லாம் உங்கள் மகிழ்ச்சிக்கு. விற்கும்போது அவற்றுக்குத் தனியாக விலை கிடைக்காது.

கேள்வி: மேனுவலா, ஆட்டோமேட்டிக்கா? மறுவிற்பனைக்கு எது?

பதில்: இலகுவான சின்ன ரோட்ஸ்டரில் மேனுவல். தினமும் நெரிசலில் ஊர்வீர்கள் என்றால் யோசிக்காமல் ஆட்டோமேட்டிக். இடது கால் வலிக்கிற காரை யாரும் வெளியே எடுப்பதில்லை. சில காரில் இந்தக் கேள்வியே இல்லை: இப்போதைய செவர்லே கார்வெட் 8 வேக இரட்டை கிளட்ச் ஆட்டோமேட்டிக்குடன் மட்டும்தான் வருகிறது.

கேள்வி: உற்பத்தி நின்றுபோன மாடலின் கடைசிக் கார்களை வாங்குவது புத்திசாலித்தனமா?

பதில்: எதைப் பற்றிக் கேட்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. ஆடி டிடி 2023-இலும், ஜாகுவார் எஃப்-டைப் 2024-இலும் நின்றன. போர்ஷே 718 பாக்ஸ்டரும் கேமனும் 2024-இலேயே ஐரோப்பிய ஒன்றியத்தில் பெரும்பாலும் விற்பனையிலிருந்து விலகின. கார்களின் கணினிப் பாதுகாப்புக்கான புதிய விதிக்கு அந்தப் பழைய மின்னணு அமைப்பு ஒத்துவரவில்லை என்பதே காரணம். கார் மோசமாக இருந்ததால் அல்ல.

பார்க்க வேண்டியது எஞ்சினும் கியர்பாக்ஸும் வேறு எந்தக் காரில் இருக்கின்றன என்பதை. பி.எம்.டபிள்யூ இஸட்4-உம் ஜிஆர் சுப்ராவும் ஆஸ்திரியாவின் கிராட்ஸ் நகரில் ஒரே ஆலையில் உருவானவை. அவற்றின் 3.0 லிட்டர் ஆறு சிலிண்டர் எஞ்சின் எத்தனையோ பி.எம்.டபிள்யூ கார்களில் ஓடுகிறது. பம்ப், சென்சார், கேஸ்கெட் எல்லாம் நெடுநாள் கிடைக்கும். கூரை மோட்டார், பின் கண்ணாடி, விளக்குத் தொகுதி, பம்பர் போன்று அந்தக் காருக்கே உரியவைதான் பிற்பாடு கஷ்டம் தரும். கூரை திறக்கும் காரில் இந்தப் பட்டியல் நீளம்.

கடைசி என்பதற்காகவே விலை ஏறும் என்று எண்ணி வாங்காதீர்கள். 2009-இல் நின்ற ஹோண்டா எஸ்2000 போன்றவை மதிப்பு கூடியது உண்மை. ஆனால் அதற்கு வருடங்கள் பிடித்தன, நல்ல நிலையில் வைத்திருந்தவர்களுக்கே பலன் கிடைத்தது.

கேள்வி: ஷோரூமின் டெமோ கார் மலிவாகக் கிடைக்கிறதே?

பதில்: ஆட்டோமேட்டிக் என்றால் கேட்டுப் பாருங்கள். மேனுவல் டெமோ காரில் எஞ்சின் சூடாகும் முன்பே மிதித்தவர்களும், மூன்றாவது கியருக்குப் பதில் முதல் கியரில் போட்டவர்களும் இருந்திருப்பார்கள். போர்ஷே போன்ற சில கார்களின் எஞ்சின் கணினி, எல்லையைத் தாண்டிய சுழற்சிகளை நிலைவாரியாகப் பதிந்து வைக்கும். அந்த அறிக்கையை அச்செடுத்துத் தரச் சொல்லுங்கள். தர மறுத்தால் விட்டுவிடுங்கள். டயர், பிரேக் பேடு, கிளட்ச் மூன்றும் டீலர் செலவில் சரியான நிலைக்கு வர வேண்டும்.

கேள்வி: சிறு குழந்தையை எப்போதாவது ஏற்றிச் செல்ல முடியுமா? என் உயரம் 188 செ.மீ.

பதில்: பயணி பக்க ஏர்பேக்கை அணைக்க சாவியாலோ சுவிட்சாலோ வழி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பின்னோக்கி வைக்கும் குழந்தை சீட்டை, இயங்கும் ஏர்பேக்குக்கு முன்னால் ஒருபோதும் வைக்கக் கூடாது; விரியும் பை சீட்டின் முதுகில் மோதிக் குழந்தையின் உயிரையே பறிக்கும். அணைக்க வழியில்லாத கார் உங்களுக்கு இல்லை. குழந்தை சீட்டைப் பூட்டும் ஐசோஃபிக்ஸ் கொக்கி பயணி சீட்டில் இருக்கிறதா என்பதையும் கையை விட்டே தடவிப் பாருங்கள்.

உயரத்துக்கு, கூரையை மூடி உட்காருங்கள். திறந்த காரில் எல்லோருக்கும் தலை இடம் போதும். முழங்கால் ஸ்டியரிங்கில் இடிக்காமல் கிளட்சை முழுதாக மிதிக்க முடிகிறதா என்று பாருங்கள். எம்எக்ஸ்-5-இல் ஸ்டியரிங்கை முன்னும் பின்னும் இழுக்கும் வசதி 2019 மாடலில்தான் சேர்ந்தது. அதன் பூட் 130 லிட்டர் சொச்சம்தான். நீங்கள் வழக்கமாகக் கொண்டுபோகும் பையை எடுத்துப்போய் உள்ளே வைத்துப் பாருங்கள். குறைந்தது 40 நிமிடமாவது ஓட்டுங்கள். தொடையும் இடுப்பும் அதற்குப் பிறகுதான் பேசும்.

கேள்வி: டெலிவரி எடுக்கும் நாளில் என்னென்ன பார்ப்பது?

பதில்: டெலிவரிக்கு முதல் நாளே ஒன்று சொல்லிவிடுங்கள்: ‘காரைக் கழுவவோ பாலிஷ் போடவோ வேண்டாம்.’ அழுக்குத் துணியால் அவசரமாகத் துடைத்த கறுப்புக் காரில், வெயிலில் சிலந்தி வலை போல் வட்டக் கீறல்கள் தெரியும். அந்த அடையாளம் உங்கள் வீட்டில் விழுந்ததில்லை என்று பின்னால் நிரூபிக்க முடியாது.

பகல் வெளிச்சத்தில், மழையில்லாதபோது எடுங்கள். முன் பம்பரின் அடி உதடு, லாரியில் ஏற்றி இறக்கும்போது உரசும் முதல் இடம். குனிந்து, கைப்பேசி விளக்கடித்துப் பாருங்கள். நாலு ரிம்மின் விளிம்பையும் விரலால் தடவுங்கள். பெயின்ட் தடிமன் மீட்டர் கிடைத்தால், உலோகப் பகுதிகளில் ஏறக்குறைய 80 முதல் 180 மைக்ரான் வரை ஆலைப் பூச்சு. ஒரு கதவு மட்டும் 300 காட்டினால் அங்கே மறுபடி பூசியிருக்கிறார்கள். பிளாஸ்டிக், கண்ணாடியிழைப் பகுதிகளில் சாதாரண மீட்டர் வேலை செய்யாது.

டயர் காற்றைக் கட்டாயம் பாருங்கள். போக்குவரத்தில் டயர் தட்டையாகாமல் இருக்க ஆலையில் அதிகமாக அடித்து அனுப்புவார்கள். டீலர் குறைக்க வேண்டும். எம்எக்ஸ்-5-க்கு 29 பி.எஸ்.ஐ.தான். அது 40-க்கு மேல் இருந்தால் கார் பந்து போலக் குதிக்கும், ஈரச் சாலையில் பின்பக்கம் வழுக்கும். சில நிறுவனங்கள் ஸ்பிரிங்குக்குள் பிளாஸ்டிக் அல்லது ரப்பர் கட்டைகளை வைத்து அனுப்புவதும் உண்டு. அதை எடுக்க மறந்தால் கார் உயரமாக நிற்கும், மேடு பள்ளத்தில் ‘டொக்’ என்று கட்டைச் சத்தம் வரும். ‘ஸ்போர்ட்ஸ் கார் என்றால் இப்படித்தான்’ என்ற சமாதானத்தை ஏற்காதீர்கள். சக்கரத்தை ஒரு பக்கம் திருப்பி, ஸ்பிரிங் சுருள்களுக்கிடையே விளக்கடித்தாலே தெரியும்.

கூரையை மூன்று முறை திறந்து மூடுங்கள். மூடிய நிலையில் இரண்டு பக்கமும் ஒரே சத்தத்தில் பூட்ட வேண்டும். பிறகு அழுத்தம் இல்லாத குழாய்த் தண்ணீரை, கண்ணாடியும் கூரையும் சேரும் மூலையில் ஐந்து நிமிடம் ஓட விடுங்கள். உள்ளே கதவு ரப்பரின் மேல்முனை, சீட்டுக்குப் பின்னாலுள்ள கம்பளம் இரண்டையும் கையால் அழுத்திப் பாருங்கள். தண்ணீர் கீழே வடிகுழாய் வழியாகச் சொட்ட வேண்டும். சொட்டவில்லையென்றால் குழாய் அடைத்திருக்கிறது; அந்தத் தண்ணீர் எங்கோ உள்ளே தேங்குகிறது.

ஸ்பேர் வீல் பெரும்பாலும் இருக்காது. பஞ்சர் அடைக்கும் திரவமும் காற்று பம்ப்பும் பூட்டில் இருக்கும். திரவக் குப்பியிலும் காலாவதித் தேதி அச்சிட்டிருக்கும், அதையும் பாருங்கள். இரண்டு சாவி, சக்கரப் பூட்டு நட்டு இருந்தால் அதன் திறவி, இழுக்கும் கொக்கி எல்லாம் கைக்கு வந்த பிறகே கையெழுத்து. குறை ஏதாவது இருந்தால் ‘அடுத்த சர்வீசில் பார்த்துக்கொள்கிறோம்’ என்ற வாய்ச்சொல் போதாது. டெலிவரி ரசீதில் எழுதி, டீலரின் முத்திரையோடு வாங்கிக்கொள்ளுங்கள்.